கனடா லோகுவும் நானும்

1

இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம் முடிந்த வாரத்தில் குடியுரிமை விண்ணப்பத்தோடு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். இங்கே ஒரு பம்பு தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் துடியலூர். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் எங்கள் வீடு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அம்மா என் படிவத்தைப் புரட்டினார். நான் நாட்டை விட்டு வெளியே போன தேதிகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, எதற்காகப் போனீர்கள் என்று கேட்டார்.

அப்பாவைப் பார்க்க என்று சொல்ல நினைத்தேன். ஜெர்மன் மொழியில் ஒரு மனிதரைப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு சொல். கோட்டையையோ, கண்காட்சியையோ, வாடகைக்கு வரும் வீட்டையோ போய்ப் பார்ப்பதற்கு வேறு சொல். அவசரத்தில் நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கள் அப்பா எத்தனை மணிக்குத் திறப்பார், எத்தனை மணிக்கு மூடுவார்?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

பக்கத்தில் இருந்த என் மகள் மித்ரா சிரிக்கவில்லை. பதினாலு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், யோசிப்பது மட்டும் வேறு மொழியில். வெளியே வந்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நீங்க சொன்ன வார்த்தை ஒண்ணும் பெரிய தப்பு இல்லப்பா" என்றாள். அப்புறம் டிராம் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்கும் கீழுக்குமாக நடக்கிறேன். போட்ட டீயை மறந்துவிட்டு இன்னொரு டீ போடுகிறேன். போன டிசம்பரில் ஊரில் நடந்ததை எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்குமோ என்றுதான் இதைத் தொடங்கினேன்.

2

முதலில் நாடகத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தொலைக்காட்சித் தொடர் எல்லாமே நாடகம்தான். இது சாயங்காலம் ஏழு மணிக்கு வரும் காமெடி நாடகம். கோயம்புத்தூரில் ஒரு நடுத்தரக் குடும்பம். ரிட்டயர்டு அப்பா, அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள், வேலைக்குப் போகாத மருமகன். மூத்த மகன் லோகு கனடாவில் இருக்கிறான். அவன் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதே இல்லை. சாப்பாட்டு மேசைமேல் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த டேப்லெட்டில் அவன் முகம் மட்டும் வரும். வந்ததும் யோசனை சொல்வான். அப்பா தினம் எத்தனை அடி நடந்தார், எண்ணெய் மாற்றினீர்களா, ஜன்னலைத் திறந்து வைத்தீர்களா. அவன் வாயைத் திறந்தாலே பின்னால் பதிவு செய்த சிரிப்பு கொல்லென்று எழும்.

நாங்கள் அதை மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போது செயலியில் பார்ப்போம். என் மனைவி கவிதா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் இல்லாத நாட்களில் அவளும் உட்காருவாள். நான் ஒரு நாள் தவறவிட்டதில்லை.

வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக அந்த நாடகத்தில் லோகுதான் நல்லவன் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் அவன் அப்பாவுக்கு நடைப்பயிற்சி மெஷின் வாங்கி அனுப்பினான். வீட்டில் அதன்மேல் துணி காயப்போட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சோம்பேறிக் குடும்பத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. "பாரு, ஒருத்தன் அக்கறையா அனுப்பறான், அதுக்கு இதுதான் மரியாதை" என்று கவிதாவிடம் பொருமினேன். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு, "ஆமா" என்றாள். அந்த ஆமாவுக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை.

மித்ரா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகத்தின் வேகப் பேச்சுக்கு அவளுக்கு ஆங்கில வரிகள் கீழே ஓட வேண்டும். அந்த வரிகளை எழுதியவருக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு பிடிபடவில்லை. வீட்டு மகள் "ஏனுங்க" என்று கணவனைக் கூப்பிடும்போதெல்லாம் கீழே "ஏன்?" என்று ஆங்கிலத்தில் வரும்.

"அவங்க ஏன் எப்பப் பார்த்தாலும் ஏன், ஏன்னு கேட்டுட்டே இருக்காங்க?"

"அது கேள்வி இல்லடா. நம்ம ஊர்ல கூப்பிடறதே அப்படித்தான். இங்க பாருங்கன்னு சொல்ற மாதிரி."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்லப்பா, அவங்க நிஜமாவே ஏன்னுதான் கேக்கறாங்க" என்றாள். "அவங்க கை ஒரு தடவைகூட சும்மா இல்ல, கவனிச்சீங்களா? பக்கெட், தட்டு, மாத்திரை, துணி. எல்லாரும் உக்காந்து ஜோக் சொல்றாங்க. அவங்க மட்டும் உக்காரவே இல்ல."

காமெடியில் அதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

3

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஃபவுண்டரியில் முப்பது வருடம் மோல்டிங் பிரிவில் ஃபோர்மேனாக இருந்தவர். கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்தில் நின்று கத்திக் கத்திப் பேசிய குரல். அது ஒரு காலையில் போய்விட்டது. வலது கையும் காலும் விழுந்தன, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அம்மா முன்பே இறந்துவிட்டார். என் தங்கை சுமதியும் அவள் கணவர் செந்திலும் துடியலூர் வீட்டுக்கே குடிவந்துவிட்டார்கள். செந்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். சுமதி தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். வேலையை விட்டுவிட்டாள். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவேன். முதல் வருடம் அப்பா என்னைப் பார்க்கவே மாட்டார். சுமதி போனை முகத்துக்கு நேராகப் பிடித்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஊரை விட்டுப் போனதற்குக் கோபம் என்று நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டென்று மாறியது. போன் அடித்து முகம் தெரிந்ததும் அப்பா சிரித்தார். அரை வாய்தான் சிரித்தது, என்றாலும் அது சிரிப்புதான். அடுத்த வாரமும் சிரித்தார், அதற்கடுத்த வாரமும்.

அந்தச் சமயத்தில்தான் நான் இங்கிருந்தே ஒரு பிசியோதெரபி பயிற்சி வரிசையைத் தயார் செய்து அனுப்பியிருந்தேன். அதுதான் வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன். அலுவலகத்தில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

போன அக்டோபரில் இன்னொரு ஏற்பாடும் செய்தேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலை அடிவாரத்தில் முதியவர்களுக்கான குடியிருப்பு ஒன்று இருக்கிறது. தென்னந்தோப்பு, நர்ஸ், பயிற்சிக்கூடம். யானை வராமல் இருக்கச் சுற்றிலும் வேலி. படங்களைப் பார்த்துவிட்டு அப்பா பேரில் ஓர் அறையைப் பதிவு செய்து வைத்தேன். சுமதிக்கு நேரில் போய்ச் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

4

டிசம்பர் கடைசியில் நாங்கள் மூன்று பேரும் போனோம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அப்பாவின் மாத்திரை வாங்க மெயின் ரோட்டுக்குப் போனேன். மருந்துக் கடையில் ஒரு மாத்திரைக்குப் பதிலாக வேறு கம்பெனி மாத்திரை இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டார்கள். சுமதியைக் கூப்பிட்டேன். போனை எடுத்தது மித்ரா. பின்னால் ஒரே கலகலப்பு. "அத்தை கைல மாவு. அதையே வாங்கிட்டு வரச் சொல்றாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டு கேட்டைத் திறக்கும்போது உள்ளே அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. மூன்று வருடத்தில் அவர் சிரிப்பை நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை. தொண்டையிலிருந்து கரகரத்து, இழுத்து இழுத்து வரும் சிரிப்பு. செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினேன்.

"அப்பா சிரிக்கறாரா? எதுக்குப்பா? எனக்கும் சொல்லுங்க!"

அப்பா என்னைப் பார்த்து இன்னும் சிரித்தார். கடைவாயில் எச்சில் வழிந்தது. சமையலறை வாசலில் நின்ற சுமதியின் முகம் மாவைப் போலவே வெளுத்திருந்தது. மித்ராவுக்கு எதுவும் தெரியாது, பாவம். அத்தையின் போனை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, அத்தை போன்ல உங்க பேர் என்னன்னு பாருங்க. நான் சத்தமா படிச்சேன், தாத்தா சிரிக்க ஆரம்பிச்சுட்டார்."

வந்த அழைப்புகளின் வரிசை. செந்தில், பால்காரர், பிசியோ. எல்லாவற்றுக்கும் மேலே நான். என் போட்டோவுக்குப் பக்கத்தில் கனடா லோகு என்று இருந்தது.

"ஓ" என்றேன். மருந்துப் பையை மேசைமேல் வைத்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தேன். கவிதா எழுந்து அப்பாவின் வாயைத் துடைக்கப் போனாள். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி அவள் சொன்ன ஆமா அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

5

சுமதி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனதும் நானும் போனேன்.

"எத்தனை நாளா இந்தப் பேரு?"

"ரெண்டு வருசமாச்சுங்ணா."

"யார் யாருக்குத் தெரியும்?"

அவள் ஒரு வேட்டியை உதறினாள். "இவுருக்குத் தெரியும். பக்கத்து ஊட்டுக்காரங்களுக்குத் தெரியும். பிசியோ தம்பிக்கு, அப்பறம் பால்காரருக்கு."

"அப்ப ஊருக்கே தெரியும்."

"மன்னிச்சுக்குங்ணா."

மன்னிப்பு கேட்டது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "அங்க நான் படற பாடு உனக்கென்ன தெரியும்? இருந்த இடத்துல இருந்து என்னால என்ன முடியுமோ அதைச் செய்யறேன். அதைப் பார்த்தா சிரிப்பு வருதா உனக்கு?"

வேட்டியில் கிளிப்பைப் போட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பொய் சொல்ல மாட்டேனுங்ணா. மொதல்ல கோவத்துலதான் அந்தப் பேர வெச்சேன். அன்னைக்கு அப்பாவுக்குக் காத்தால இருந்து வாந்தி. நாலு தடவ பெட்சீட் மாத்திப்போட்டேன். நீங்க கூப்புட்டீங்க. தண்ணியா குடு, ஒரு வீடியோ அனுப்பறேன், அதைப் பார்த்துச் செய்யின்னு சொன்னீங்க. சாயங்காலம் நாடகத்துல அந்த லோகும் வீடியோ அனுப்பறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்படியொரு சிரிப்பு. சிரிக்காட்டி அன்னைக்கு நான் செவுத்துல போயி முட்டியிருப்பேன். சிரிச்சுப்போட்டுத்தான் போன்ல பேர மாத்துனேன்."

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் நீளமாக அடித்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழமை உங்க போன் வந்துச்சுங்ணா. அப்பா எப்பவும்போல செவுத்துப் பக்கம் திரும்பிட்டாரு. அவருக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்ணா. வாய் கோணி எச்சி ஒழுகறத நீங்க பாத்தரக் கூடாதுன்னு அவருக்கு வெக்கம். எனக்கு என்ன தோணுச்சோ, போன்ல பேரப் பாத்துப்போட்டு, 'அப்பா, கனடா லோகு கூப்புடறாரு'ன்னேன். திரும்பிப் பாத்தாரு. உங்களப் பாத்தாரு, டிவியப் பாத்தாரு. சிரிச்சாரு பாருங்ணா, எச்சி பாட்டுக்கு ஒழுகுது, அவரு தொடைக்கக்கூட இல்ல. அன்னைல இருந்து ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் சொல்லிக் கூப்புடறேன்."

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். என் பயிற்சி வரிசையால் வந்தது என்று நான் ஊரெல்லாம் சொன்ன சிரிப்பு அது.

"என்னைப் பார்த்துச் சிரிச்சாரா, அவனைப் பார்த்துச் சிரிச்சாரா?"

"எனக்கெப்படிங்ணா தெரியும்? ரெண்டு பேத்தையும் பாத்துத்தான் இருக்கும்."

அந்த நேரத்தில் தொண்டாமுத்தூர் அறையைப் பற்றிப் பேச்செடுத்திருக்கக் கூடாது. எடுத்துவிட்டேன். எப்படியாவது பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. அவள் முழுக்கக் கேட்டாள்.

"அப்பாவக் கேட்டீங்களா?"

"இல்ல."

"என்னைக் கேட்டீங்களா?"

"உனக்குச் சிரமம் குறையுமேன்னுதான்."

"எனக்கு என்ன சிரமம்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அப்பாவைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, வேலையை விட்டது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பட்டியல் டேப்லெட்டில் இருந்து வருவதுபோல என் காதுக்கே கேட்டது.

"அதெல்லாம் பழகிப்போச்சுங்ணா. அப்பாவ எங்கயும் தாட்டிவுடறதா இல்ல" என்றாள். "எனக்குத் தூக்கம் வேணும். ஒரு வாரம் எங்கயாவது போயி, ஒருத்தரும் கூப்புடாம, தூங்கோணும். அவ்வளவுதான். நீங்க ஒறம்பரையாட்ட வந்துட்டுப் போறீங்க. உங்களுக்குச் சோறாக்கிப் போடறதுக்கும் நாந்தான்."

காலி பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

6

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் ஹாலில் கூடினோம். அந்த நாடகத்தை ஊரில் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. இங்கே அரை மணி நேரம் பொழுதுபோக்கு. அங்கே அது வேறாக இருந்தது. ஏழுக்குள் அப்பாவின் சாப்பாடு, மாத்திரை, உடை மாற்றுவது எல்லாம் முடிந்திருக்கும். சுமதி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. மித்ரா போய் அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். செந்தில் பட்டறையிலிருந்து வந்து கையைத் துடைத்தபடி நின்றார். என்னைக் கண்டதும் கொஞ்சம் தயங்கி, "வாங்க மச்சான், நீங்களும் பாருங்க" என்றார்.

லோகு வந்தான். சிரிப்பு எழுந்தது. செந்தில் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அப்பா அரை வாயால் சிரித்துவிட்டு மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று பார்க்கிறார் என்று தெரிந்தது. பல்லைக் காட்டினேன். அவர் அதை நம்பவில்லை. என் பக்கமே பார்த்துக்கொண்டு இடது கையால் என் முழங்காலைத் தட்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை. சின்ன வயதில் நான் கணக்கில் கோட்டைவிட்டு வந்தபோது தட்டியதைப் போலத்தான் இருந்தது. என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

மறுநாள் காலை குடியிருப்புக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்றேன். அடுத்து என் மேலாளருக்கு எழுதி ஒரு வாரம் கூடுதல் விடுப்பு கேட்டேன். பள்ளி திறப்பதால் கவிதாவும் மித்ராவும் முன்னால் புறப்பட்டார்கள். விமான நிலையத்தில் மித்ரா, "அத்தை நம்பர் எனக்கு அனுப்புங்க, நான் நேரா பேசிக்கறேன்" என்றாள். என் வழியாகப் பேச அவளுக்கு இஷ்டமில்லை. அதுவும் குத்தியது.

7

சுமதி சத்தியமங்கலத்தில் இருக்கும் கல்லூரித் தோழி வீட்டுக்குப் போனாள். வீட்டுக்குப் பின்னால் பவானி ஓடுமாம். போகும்போது, "நானும் கூப்புட மாட்டேன், நீங்களும் கூப்புடாதீங்க. அவசரம்னா இவுரு சொல்லுவாரு" என்று ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

காலையில் பட்டறைக்குப் போகுமுன் செந்தில் அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பார். அப்புறம் சாயங்காலம்வரை நான்தான். முதல் நாள் மதியம் ரசத்தைத் தண்ணியாகக் கொடுத்தேன். புரை ஏறி அப்பாவின் முகம் நீலமாகிவிட்டது. முதுகில் தட்டிக்கொண்டே இருந்தேன். இருமல் அடங்கியதும் அவர் கண்ணில் நீர், என் கண்ணிலும் நீர். பக்கவாதக்காரருக்குத் தொண்டை சரியாக வேலை செய்யாது, சோற்றோடு குழையப் பிசைந்துதான் ஊட்ட வேண்டும் என்று செந்தில் சாயங்காலம் சொன்னார். தண்ணியா குடு என்று இரண்டு வருடமாக இங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தது நான். சுமதி ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை. கேட்டுக்கொண்டு, குழையப் பிசைந்தே ஊட்டியிருக்கிறாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் முதுகுக்குப் பவுடர். துணி துவைத்து மாடிக்கு ஏறி இறங்கினால் அடுத்த துணி தயாராக இருக்கும். என்னால் ஒன்றை முடித்துவிட்டு உட்கார முடியவில்லை. உட்கார்ந்தாலும் காது அப்பாவின் கட்டில் பக்கமே இருந்தது.

மூன்றாம் நாள் ஏழு மணிக்கு டிவியைப் போட்டுவிட்டு, அப்பாவின் நனைந்த வேட்டியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றபடி பார்த்தேன். லோகு டேப்லெட்டில் வந்தான். "அப்பாவை உட்கார வைக்கும்போது முதுகு நேரா இருக்கணும். அதுக்குத் தேவை பொறுமை மட்டும்தான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நம்பினார். இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்தோம்.

சிரித்து ஓய்வதற்குள் என் போன் அடித்தது. சுமதி, வீடியோவில். தலைமுடியை விரித்துப் போட்டிருந்தாள், பின்னால் தென்னை மரம். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏனுங்ணா, அப்பாவுக்கு வலது பக்கம் தலகாணி வெச்சு உக்கார வெச்சீங்களா? முதுவு நேரா இருக்கோணும். ஜன்னலச் சாத்திப்போடுங்க, பனி எறங்கும். மாத்திர குடுத்தாச்சுங்களா? கொஞ்சம் பொறுமையாத்தான் குடுக்கோணும்."

போனை அப்பா பக்கம் திருப்பினேன். அவர் சுமதியைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி சுமதியைப் பார்த்தார். அந்தக் கரகரத்த சிரிப்பு கிளம்பியது.

"அப்பா ஏன் என்னயப் பாத்துச் சிரிக்கறாரு?"

"நீ சொன்னதையெல்லாம் லோகு இப்பத்தான் சொல்லி முடிச்சான் கண்ணு."

ஒரு நொடி அவள் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் வெடித்துச் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, வெச்சர்றேனுங்ணா, இனிமே கூப்புட மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நிஜமாகவே கூப்பிடவில்லை. மீதி நான்கு நாளும் நான்தான் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு ஊட்டியதும் எடுப்பேன், முதுகு துடைத்ததும் எடுப்பேன். சரியாகத்தான் செய்கிறேன் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்றிருந்தது. அந்த வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. மூன்று வருடமாகவே இல்லை.

எட்டாம் நாள் காலையில் அவள் வந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. பையைக் கீழே வைக்காமல் நேராக அப்பாவிடம் போய், பனியனைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். நான் பரீட்சை முடிவுக்கு நிற்பவனைப் போல நின்றேன்.

"பரவால்லீங்ணா" என்றாள். "அடுத்த வருசம் பத்து நாளு போறேன்."